வாசகர் கேள்வி: அப்பாவின் பழைய காரை ஏலத்தில் விடலாமா?

கேள்வி: எங்கள் தந்தை விட்டுச் சென்ற 1966-ஆம் ஆண்டு ஜாகுவார் ஈ-டைப் கார் (4.2 லிட்டர் எஞ்சின், மூடிய கூரை கொண்ட இரண்டு இருக்கை கூப்பே) பதினோரு ஆண்டுகளாக ஷெட்டில் உறை போர்த்தப்பட்டு நிற்கிறது. அக்கா, நான், தம்பி என மூவருக்கும் அதில் சம பங்கு உண்டு. பழைய கார் வியாபாரி ஒருவர் ஒரு விலை சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு ஓர் ஏல நிறுவனத்துக்குப் புகைப்படங்களை அனுப்பினோம். அவர்கள் தந்த மதிப்பீடு வியாபாரி சொன்னதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதிகமாக இருக்கிறது. ஏலத்தில்தான் விட வேண்டும் என்கிறார் அக்கா. தம்பிக்குக் காரைத் தானே வைத்துக்கொள்ள ஆசை, ஆனால் ஏல மதிப்பீட்டைக் கேட்டதும் அவன் பேச்சை நிறுத்திவிட்டான். வெளிர் நீல நிறத்தில் வந்த காருக்கு அப்பா ஒரு காலத்தில் சிவப்பு வண்ணம் பூசினார்; இப்போது அதுவும் மங்கிவிட்டது. புதிதாகப் பெயிண்ட் அடித்து, எஞ்சினை ஓட வைத்து ஏலத்துக்கு அனுப்பலாமா, அல்லது வியாபாரிக்கே கொடுத்துவிடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: உங்கள் கடிதத்தில் எல்லோரையும் ஆட்டிவைப்பது அந்த 'மூன்றில் ஒரு பங்கு அதிகம்' என்ற சொற்கள்தாம் என்பதால், முதலில் அவற்றை எடை போட்டுப் பார்த்துவிடுவோம். வியாபாரி சொன்ன விலையை 90 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏல நிறுவனங்கள் ஒற்றை எண்ணாக மதிப்பீடு தருவது அரிது. 110 முதல் 130 வரை என்பதுபோல இரண்டு எல்லைகளைச் சொல்வார்கள், அதன் நடுப்புள்ளியான 120-ஐத்தான் நீங்கள் நினைவில் வைத்திருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். இந்தத் தொகைக்குக் கீழே விற்கக் கூடாது என்று நீங்களும் நிறுவனமும் ரகசியமாக ஒப்புக்கொள்ளும் ரிசர்வ் விலை, வழக்கமாக மதிப்பீட்டின் கீழ் எல்லையிலோ அதற்கும் கீழேயோதான் வைக்கப்படும். ஆகவே, கார் 110-க்குச் சுத்தியல் தட்டப்பட்டு விற்கப்படுவது தோல்வியாகாது; சாதாரணமாக நடக்கக்கூடிய முடிவு அது. விற்பவரிடம் பிடிக்கப்படும் கமிஷன் பத்து விழுக்காடு என்றால் 11 போய்விடும். பட்டியலில் இடம்பெறுவதற்கான கட்டணம், புகைப்படம், போக்குவரத்து, காப்பீடு, காரைத் தயார் செய்யும் செலவு எல்லாம் சேர்த்து 5 என்று குறைத்தே கணக்கிட்டாலும் உங்கள் கைக்கு வருவது 94. வியாபாரி இன்றைக்கே தருவதாகச் சொன்ன 90-க்கும் இதற்கும் உள்ள இடைவெளி நான்கே நான்கு.

இந்தக் கணக்குக்கு இன்னொரு பக்கமும் உண்டு, அதை விற்பவர்கள் பெரும்பாலும் யோசிப்பதே இல்லை. வாங்குபவரும் சுத்தியல் விலைக்கு மேல் ஏல நிறுவனத்துக்குத் தனிக் கட்டணம் செலுத்துகிறார்; கார் ஏலங்களில் இது பெரும்பாலும் பத்து முதல் பன்னிரண்டு விழுக்காடு வரை இருக்கும். இந்தக் காருக்கு மொத்தம் 120 செலவிடலாம் என்று முடிவு செய்து அரங்கில் வந்து உட்காரும் மனிதர், அந்தக் கட்டணத்தை மனத்துக்குள் கழித்துவிட்டு 107 அல்லது 109 வரைதான் கையைத் தூக்குவார். அதாவது, மதிப்பீட்டின் நடுப்புள்ளி அளவுக்கு முழுப் பணத்தையும் பையில் வைத்திருப்பவரால்கூட உங்கள் 110 என்ற ரிசர்வைத் தொட முடியாது. ஏல முடிவுகளாக நாளிதழ்களில் வெளியாகும் தொகையில் பெரும்பாலும் இந்தக் கட்டணமும் சேர்ந்தே இருக்கும். ஹாலிவுட் நடிகர் ஸ்டீவ் மெக்குவீன் 1968-இல் வெளிவந்த படம் ஒன்றில் ஓட்டிய பச்சை நிற ஃபோர்ட் மஸ்டாங், 2020 ஜனவரியில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ஏலம் போனது. செய்திகள் சொன்ன விலை 37.4 லட்சம் டாலர், சுத்தியல் தட்டப்பட்டதோ 34 லட்சம் டாலருக்கு. உங்கள் அக்கா செய்திகளில் விலைகளைப் பார்த்திருந்தால், அவற்றையும் இப்படிக் கழித்துப் படிக்கச் சொல்லுங்கள்.

அவர் ஒப்பிடுவது எந்தக் காரோடு என்பதையும் கேட்டுப் பாருங்கள். ஈ-டைப் 1961 மார்ச்சில் ஜெனீவாவில் அறிமுகமாகி, 1970-களின் நடுப்பகுதி வரை ஏறத்தாழ 72,000 கார்கள் தயாரான ஒரு மாடல். திறந்த கூரை கொண்ட ரோட்ஸ்டருக்கு எப்போதும் விலை கூடுதல். உங்களுடைய கூப்பே அதற்கு அடுத்த நிலை. 1966-இல் பின்னிருக்கையோடு நீளமாக வந்த 2+2 வகை அதற்கும் கீழே. 4.2 லிட்டர் எஞ்சின் 1964-இன் பிற்பகுதியில் வந்தது. அதற்கு முந்தைய 3.8 லிட்டர் கார்களின், அதிலும் முதன்முதலாக வெளிவந்தவற்றின் விலைக் கணக்கே வேறு. தொலைவிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு எல்லாம் ஒரே காராகத் தெரியும், ஏல அரங்கில் கேட்க வருபவர்களுக்கோ அவை நான்கு வெவ்வேறு பண்டங்கள். எனவே, மதிப்பீடு அனுப்பிய நிறுவனத்திடம், கடந்த ஓரிரு ஆண்டுகளில் இதே வகைக் கூப்பே எந்தெந்த ஏலங்களில் என்ன சுத்தியல் விலைக்குப் போனது, எத்தனை கார்கள் விற்காமல் திரும்பின என்று எழுத்தில் கேளுங்கள். விற்ற கார்களை மட்டும் அடுக்கிக் காட்டும் பதிலை நம்ப வேண்டாம். காரைத் தங்கள் பட்டியலுக்குக் கொண்டுவருவதற்காக உயர்த்திச் சொல்லும் வழக்கமும் உண்டு, கூட்டத்தை இழுப்பதற்காகத் தாழ்த்திச் சொல்லும் வழக்கமும் உண்டு. புகைப்படத்தை மட்டும் பார்த்துச் சொன்ன மதிப்பீடு, நேரில் பார்த்த பிறகு இறங்குவதும் உண்டு.

அடுத்தது பெயிண்ட். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். விற்பதற்குச் சற்று முன்பு பளபளவென்று வண்ணம் பூசிய பழைய காரைக் கண்டதும், பட்டி வைத்து எதை மறைத்திருக்கிறார்கள் என்றுதான் விவரம் தெரிந்தவர் யோசிப்பார். ஈ-டைப் விஷயத்தில் இந்தச் சந்தேகம் நியாயமானதும்கூட. அதன் நடுப்பகுதி தகடுகளை மடித்துப் பற்றவைத்துச் செய்த கூடு. அடித்தளத் தகடுகளும் கதவுக்குக் கீழே ஓடும் பக்கவாட்டுப் பெட்டிகளும் உள்ளிருந்தே துருப்பிடிக்கக்கூடியவை. எஞ்சினைத் தாங்கும் முன்சட்டம் குழாய்களால் ஆனது. குழாய்க்குள் துரு ஓடினால் வெளியே தெரியாது. மங்கிய சிவப்புக்குக் கீழே உள்ள தகடு உறுதியாக இருக்குமானால், அந்த மங்கலே உங்களுக்குச் சாட்சி சொல்லும். நீங்கள் செலவழித்துப் பூசும் நிறமோ வாங்குபவருக்குப் பிடிக்காமல் போகலாம். அவர் பழைய வெளிர் நீலத்துக்கே திரும்ப விரும்பினால் உங்கள் பணம் சுரண்டி எறியப்படும்.

தொடாமல் விட்ட காருக்கு மதிப்பு எவ்வளவு கூடியிருக்கிறது என்பதற்கு, 2015 பிப்ரவரியில் பாரிஸில் நடந்த பெய்யோன் சேகரிப்பின் ஏலத்தைச் சொல்வார்கள். பல பத்தாண்டுகளாகக் கொட்டகைகளில் புழுதி மூடிக் கிடந்த கார்கள் அவை. பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் கிடந்த ஒரு ஃபெராரி 250 ஜிடி கலிஃபோர்னியா ஸ்பைடர், துடைத்துக்கூடப் பார்க்கப்படாத நிலையில், 1 கோடியே 60 லட்சம் யூரோவுக்கு மேல் போனது. உடனே உங்கள் காரின் புழுதியையும் காப்பாற்ற வேண்டும் என்று பொருள் கொள்ள வேண்டாம். அந்தக் கார் நடிகர் அலென் தெலோன் வைத்திருந்தது, அந்த வகையிலேயே மிகச் சில கார்கள்தான் தயாரிக்கப்பட்டன. ஆனால், எடுத்துவிட்ட பழமையைத் திரும்பக் கொண்டுவர முடியாது என்ற அளவில் அதன் பாடம் உங்கள் காருக்கும் பொருந்தும்.

எஞ்சின் விஷயத்தில் நேர்மாறாகச் சொல்வேன்: அதற்குச் செலவழியுங்கள். தானாகக் கிளம்பி, மேடைக்கு ஓடி வரும் காருக்கும், நான்கு பேர் தள்ளிக்கொண்டு வரும் காருக்கும் கிடைக்கும் விலை வித்தியாசம், அந்த வேலைக்கு ஆகும் செலவைவிடப் பெரும்பாலும் அதிகமாகவே இருக்கும். ஆனால் ஆர்வக் கோளாறில் பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பிவிடாதீர்கள். பதினோரு ஆண்டுகள் நின்ற எஞ்சினில் சிலிண்டர் சுவர்கள் காய்ந்திருக்கும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, உள்ளே சிறிது எண்ணெய் விட்டு, முதலில் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். டாங்கில் கெட்டுப்போன பெட்ரோலை வடித்து, பிரேக் திரவத்தை மாற்றி, பிரேக் சிலிண்டர்களையும் ரப்பர்க் குழாய்களையும் பார்த்த பிறகே வண்டி நகர வேண்டும். டயரின் பக்கச் சுவரில் உள்ள தேதிக் குறியின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். பழைய டயரோடு காரைக் காட்டுவது, அதைப் பராமரிக்கவில்லை என்று அறிவித்துக்கொள்வதற்குச் சமம். இந்த மாடலைப் பிரித்துப் பழகிய மெக்கானிக்கைக் கொண்டே இவற்றைச் செய்யுங்கள்; செய்த ஒவ்வொன்றுக்கும் ரசீது வாங்கி வையுங்கள்.

ரசீது என்றதும் நினைவுக்கு வருகிறது, நீங்கள் கடிதத்தில் காகிதங்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. உங்கள் கார் விலையில் மிகப் பெரிய மாற்றத்தை உண்டாக்கக்கூடியது பெயிண்டும் அல்ல, ஏல மேடையும் அல்ல, எஞ்சின் எண்தான். ஜாகுவார் டைம்லர் ஹெரிடேஜ் டிரஸ்ட் என்ற அமைப்பிடம் விண்ணப்பித்தால், உங்கள் கார் தொழிற்சாலையை விட்டு வந்தபோது இருந்த சேசிஸ், எஞ்சின், பாடி, கியர்பாக்ஸ் எண்களையும், முதல் நிறத்தையும், தயாரான தேதியையும், எந்த விற்பனையாளருக்கு அனுப்பப்பட்டது என்பதையும் பதிவேட்டைப் பார்த்துச் சான்றிதழாகத் தருவார்கள். அந்த எண்களும் காரில் பொறித்திருக்கும் எண்களும் ஒன்றாக இருந்தால் ஏலத்தில் அது முதல் வரியாக அச்சிடப்படும். எஞ்சின் எப்போதோ மாற்றப்பட்டிருந்தால், 110 முதல் 130 என்ற மதிப்பீட்டை நீங்களே மறந்துவிடலாம். அத்துடன், அப்பா வைத்திருந்த பழைய பில்கள், பதிவுப் புத்தகம், சர்வீஸ் குறிப்புகள், நீல நிறத்தில் கார் நின்ற காலத்துப் புகைப்படம் என எது கிடைத்தாலும் ஒரு கோப்பில் சேருங்கள். மேலே சொன்ன மஸ்டாங்கை ஒரு குடும்பம் 1974-இல் 6,000 டாலருக்கு வாங்கியது. அதைத் திரும்பத் தனக்கே தரும்படி மெக்குவீன் 1977-இல் அவர்களுக்கு எழுதிய கடிதமும் காரோடு பத்திரமாக இருந்தது. எல்லா வீட்டுக்கும் அப்படி ஒரு கடிதம் வராதுதான், ஆனால் அலமாரியில் என்ன இருக்கிறது என்பது தேடிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

இனி ஏலத்தின் அபாயம். 'ஒரு தரம், இரண்டு தரம்' என்று சொல்லி மூன்றாம் தரம் சொல்ல முடியாமல் நின்றுபோகும் காரைச் சந்தை எளிதில் மறப்பதில்லை. எந்தத் தொகையோடு கேட்பு நின்றது என்பது பலருக்குத் தெரிந்துவிடும். அடுத்த ஆண்டு வேறு எவரிடம் கொண்டுபோனாலும் அந்தத் தொகையிலிருந்தே பேரம் தொடங்கும். இத்தனைக்கும், கடைசியாகச் சொல்லப்பட்ட தொகையை யாராவது உண்மையிலேயே கேட்டிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ரிசர்வ் விலை எட்டும் வரை, விற்பவர் சார்பில் ஏலம் கூறுபவரே தொகையை ஏற்றிக்கொண்டு போகப் பெரும்பாலான நிறுவனங்களின் விதிகள் இடம் தருகின்றன. வெறும் சுவரைப் பார்த்துக் கை நீட்டித் தொகை சொல்வதை நானே பார்த்திருக்கிறேன். விற்காமல் நின்றாலும் அன்று மாலையே யாராவது ஒருவர் நிறுவனத்தின் மூலம் பேச வருவது உண்டு, ஆனால் அப்போது பேரம் அவர் பக்கம் சாய்ந்திருக்கும். விற்காவிட்டால் என்ன கட்டணம், இடையில் காரைத் திரும்பப் பெற்றால் என்ன அபராதம், ஏலத்துக்குப் பிறகு நேரடியாக விற்றாலும் எத்தனை நாள் வரை கமிஷன் கேட்பார்கள், பணம் எத்தனை வாரத்தில் வரும் என்ற நான்கையும் ஒப்பந்தத்தில் பார்க்காமல் கையெழுத்திட வேண்டாம். விற்பவர் கமிஷனைக் குறைத்துக் கேட்கத் தயங்காதீர்கள். நல்ல காருக்கு அவர்கள் இறங்கி வருவார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும், உங்கள் வீட்டு நிலையில் நான் வியாபாரியின் பக்கம் போகச் சொல்ல மாட்டேன். தனி ஒருவரின் காராக இருந்திருந்தால், நான்கு புள்ளி வித்தியாசத்துக்காக இவ்வளவு அலைச்சல் வேண்டாம், வியாபாரியிடம் 95 கேட்டுப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிடுங்கள் என்று எழுதியிருப்பேன். பங்காளிகள் மூவர் எனும்போது, எவரும் பின்னால் குறை சொல்ல முடியாத விலை தேவைப்படுகிறது. வியாபாரி 90-க்கு வாங்கி ஆறு மாதம் கழித்து 125-க்கு விளம்பரம் கொடுத்தால், அதைக் கத்தரித்து உங்கள் அக்கா ஒவ்வொரு விசேஷத்துக்கும் கொண்டு வருவார். பலர் கூடிய இடத்தில் பகிரங்கமாகக் கேட்கப்பட்ட விலை அந்தப் பேச்சுக்கு இடம் வைப்பதில்லை.

ஆனால் தம்பியின் ஆசையை முதலில் தீர்க்க வேண்டும். ஏலத்துக்கு வந்து அவரும் கேட்கட்டும் என்று யாராவது யோசனை சொன்னால் ஏற்காதீர்கள். பங்கு உள்ளவர் கையைத் தூக்குவது, விற்பவரே விலையை ஏற்றிவிடுவதாகத்தான் கருதப்படும். பெரும்பாலான நிறுவனங்களின் விதிகள் அதைத் தடுக்கின்றன, சில நாடுகளில் அது சட்டப்படியும் குற்றம். சான்றிதழ் வந்து, மெக்கானிக் பார்த்த பிறகு, காரை வாங்கவும் விற்கவும் போகாத சுயேச்சையான மதிப்பீட்டாளர் ஒருவரிடம் எழுத்தில் ஒரு விலை வாங்குங்கள். அந்த விலையிலிருந்து, ஏலம் விட்டால் ஆகும் செலவைக் கழித்த தொகைக்குத் தம்பி மற்ற இருவர் பங்கையும் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு காலக்கெடு கொடுங்கள். செலவைக் கழிக்காத ஏல மதிப்பீட்டை வைத்து அவரிடம் பணம் கேட்பது நியாயமாகாது. உங்கள் கைக்கு வரவே போகாத தொகை அது. கெடு முடிந்தும் அவரால் இயலவில்லை என்றால் ஏலத்துக்குப் போங்கள், 110-க்குப் பதிலாக 105-ஐ ரிசர்வாக வைத்துக்கொண்டு. பட்டியல் மாதக்கணக்கில் முன்கூட்டியே தயாராவதால், இந்தப் பருவத்து ஏலத்தைப் பிடிக்க ஓடாமல் அடுத்ததற்குத் திட்டமிடுங்கள். வரி பற்றி உங்கள் கணக்காயரிடம் முன்பே கேட்டுவிடுங்கள், ஏனென்றால் இதில் நாட்டுக்கு நாடு முறை மாறுகிறது: பிரிட்டனில் தனிநபர் காரை விற்று வரும் லாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை, அமெரிக்காவில், ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த சேகரிப்புப் பொருளாகக் கருதப்பட்டால் 28 விழுக்காடு வரை போகலாம்.

கேள்வி: ரிசர்வ் விலை வைக்காமல் விட்டால் கூட்டம் அதிகம் வரும், விலையும் ஏறும் என்று ஏல நிறுவனத்தார் சொல்கிறார்கள். நம்பலாமா?

பதில்: கூட்டம் வரும் என்பது உண்மை. எப்படியும் இன்று விற்றுவிடும் என்று தெரிந்தால், சும்மா பார்க்க வந்தவரும் கேட்கத் தொடங்குவார். அந்த மஸ்டாங்கும், பாரிஸில் புழுதியோடு விற்ற கார்களும் ரிசர்வ் இல்லாமலே விடப்பட்டவை. ஆனால் அவற்றைத் தேடி உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வருவார்கள் என்பது முன்பே தெரிந்திருந்தது. உங்கள் காரை விரும்பிக் கேட்கக்கூடிய இருவராவது அந்த அரங்கில் இருப்பார்கள் என்று பெயர் சொல்லும் அளவுக்கு உறுதி இருந்தால் துணியலாம். ஒருவர் மட்டுமே இருந்தால், அவர் எவ்வளவு குறைவாகக் கேட்கிறாரோ அவ்வளவுதான் விலை. ரிசர்வ் இல்லாமல் விட்டால் விற்பது உறுதி என்பதால் நிறுவனத்துக்குக் கமிஷனும் உறுதி. யோசனை சொல்பவருக்கு அதில் லாபம் இருக்கிறது என்பதையும் மனத்தில் வையுங்கள்.

கேள்வி: அரங்கில் நடக்கும் ஏலத்தைவிட இணைய ஏலம் மேலா?

பதில்: விலை ஓரளவு தெரிந்த, எளிதில் அடையாளம் காணக்கூடிய கார்களுக்கு மேல் என்றே நினைக்கிறேன். பிரிங் எ டிரெய்லர் போன்ற தளங்களில் கார் விற்கும் வரை உங்கள் ஷெட்டிலேயே நிற்கும், போக்குவரத்துச் செலவு மிச்சம், கட்டணமும் அரங்கைவிடக் குறைவு. அங்கே ஏலம் சில நிமிடங்களில் முடியாமல் பல நாள் நீளும். கடைசி இரண்டு நிமிடத்தில் புதிய கேட்பு வந்தால் கடிகாரம் மீண்டும் இரண்டு நிமிடத்துக்குத் திரும்புவதால், ஒளிந்திருந்து கடைசி நொடியில் தட்டிச் செல்லவும் வழியில்லை. அதற்கு விலையாக நீங்கள் கொடுக்க வேண்டியது பொறுமை. முகம் தெரியாத நூறு பேர் உங்கள் காரின் ஒவ்வொரு திருகையும் பெரிதாக்கிப் பார்த்துக் கேள்வி கேட்பார்கள், ஒவ்வொன்றுக்கும் அன்றே, கோபப்படாமல், புகைப்படத்தோடு பதில் எழுத வேண்டும். மௌனம் காத்த விற்பனையாளரின் காருக்குக் கேட்பு அப்படியே உறைந்துபோவதைப் பலமுறை கவனித்திருக்கிறேன். அடிப்பாகத்தின் துருவை நீங்களே முதல் நாளில் படம் பிடித்துப் போட்டுவிட்டால், கேள்விகளில் பாதி குறைந்துவிடும்.